பாக்கெட்டில் விளைந்த கேப்பை

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். கேப்பைக் கதிரைப் பார்த்தே விளைச்சலைச் சொல்லிவிடுவேன். அந்தக் கர்வம்தான் என்னைக் கவிழ்த்தது.

சர்க்கரை வந்ததும் பிஸ்கட்டே கூடாது என்றார் டாக்டர். ஆனால் கூட்டேரிப்பட்டுக் கடையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டின் மேல் நன்றாக முற்றிய கேப்பைக் கதிரின் படம் இருந்தது. கேப்பைதானே என்று தினமும் தின்றேன். சர்க்கரை இறங்கவே இல்லை.

ஒருநாள் திண்டிவனம் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கும் இரண்டு கொடுத்தேன். அவள் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தாள்.

“ஆயா, எது நெறைய இருக்குதோ அதத்தான் இதுல மொதல்ல போடுவாங்க. மொதல்ல மைதா, அப்புறம் சர்க்கரை. கேப்பை கடைசில நிக்குது.”

“அப்ப இந்தக் கதிரு?”

“அது கவர் மேல வெளைஞ்சது ஆயா.”

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். அன்றோடு பிஸ்கட்டை விட்டேன், சர்க்கரை இறங்கியது. இப்போது எந்தப் பாக்கெட்டானாலும் யாரிடமாவது நீட்டி, பின்பக்கத்தைப் படிக்கச் சொல்கிறேன். கடைக்காரர், “ஆயா வந்துட்டாங்க, கண்ணாடி போட்டுக்கினு வர்றேன்” என்கிறார்.

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி இதை எழுதினாள். என்னிடம் நிறைய இருப்பதைத்தான் முதலில் போடச் சொன்னேன். கண்ணு, மொதல் ரெண்டு வரியப் படி, கேக்கறேன்.