ஏழாம் எண் வீட்டுக்கு ஐம்பது

தலைச்சோலைப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் ஒன்றில் மரியஅந்தோணி இருபத்தோரு வருடம் ஆள்கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தார். பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் சரியாக முப்பத்தைந்து வாங்கித் தேறியவர். நூறு வாங்கியவர்கள் மதிப்பெண்ணை மறந்துவிடுகிறார்கள். முப்பத்தைந்து வாங்கியவர்கள் ஆயுள் முழுக்க அதைக் கும்பிடுகிறார்கள். பங்குச் சாமியாரின் பிரசங்கத்துக்கு மனசுக்குள் பத்துக்கு இத்தனை என்று போடுவார். மனைவி லூர்துசெல்வியின் குழம்புக்கு வாய்விட்டே போடுவார். கல்யாணமான நாள் முதல் அந்த அம்மாள் ஆறரையைத் தாண்டியதில்லை.

"ஏழு போட்டா கை தேஞ்சு போயிருங்களா?" என்று அவள் ஒரு முறை கேட்டாள்.

"ஏழு போட்டா நீ அதோட நின்னுக்குவே, புள்ள."

எண்பத்திரண்டில் புது மேனேஜர் லைன் வீடுகளுக்குச் சுத்தப் போட்டி வைத்தார். கூலியாட்கள் குடியிருக்கும் அந்த வரிசையில் பன்னிரண்டு வீடு. ஆனி, ஆடி, ஆவணி, மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை பார்வை. முதலில் வரும் வீட்டு வாசலில் தண்ணீர்க் குழாய். அந்த வீட்டார் மட்டுமே பிடிக்கலாம். மதிப்பெண் போடுவது ரைட்டர். அடுப்பு, வாசல், பாத்திரம், கோழி, சாக்கடை என்று தலைக்குப் பத்து. குற்றம் கண்டால் கழிப்பார், காணாவிட்டால் முழுசு.

ஆறாம் எண் வீட்டு ஜெயமேரிக்குக் குழாய் மேல் ஒரே கண். பள்ளத்து ஊற்றிலிருந்து நாலு நடை தண்ணீர் சுமந்துவிட்டுத்தான் அவள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க ஓட வேண்டும். போன மழையில் குடத்தோடு வழுக்கி விழுந்ததில் இடது மணிக்கட்டு இன்னும் பாரம் தாங்குவதில்லை.

அடுப்பில் சாம்பல் இருந்தால் மூன்று கழியும் என்று தெரிந்ததும், பார்வை நாளில் லைனில் எவரும் அடுப்பு மூட்டவில்லை. கரிப் பாத்திரங்கள் காப்பிச் செடிகளுக்குள் ஒளிந்தன. கோழிகள் முந்தின நாளே பக்கத்து ஊர் கொட்டச்சேட்டு உறவினர் வீடுகளுக்கு விருந்து போயின. ஆரோக்கியத்துக்காக வைத்த போட்டியில் மாதம் ஒரு நாள் எல்லாரும் பட்டினி. மதிப்பெண் ஏற ஏற ரைட்டர் பூரித்துப் போனார். ஜெயமேரி அடுப்புக்குச் சுண்ணாம்பே அடித்தாள். அவள் சராசரி நாற்பத்தாறு. மற்றவர்கள் நாற்பதைத் தொடவில்லை.

முடிவை ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். முதல் இடம்: ஏழாம் எண் வீடு, ஐம்பது.

ஏழாம் எண் வீட்டில் ஆளே இல்லை. இருந்த குடும்பம் வைகாசியிலேயே சேலத்துக்கு இறங்கிப் போயிருந்தது.

"ஏனுங்க ரைட்டரே, பூட்டிக் கெடக்கற ஊட்டுக்கா பரிசு?" என்றாள் ஜெயமேரி.

எந்தப் புத்தகத்திலும் ஒரு வரியைக் காலியாக விட்டு ரைட்டருக்குப் பழக்கமில்லை. வேலைக்கு வராதவனுக்கும் ஒரு குறி போடுவார். மேனேஜர் கொடுத்த தாளில் பன்னிரண்டு வரி. ஏழாம் வீட்டைச் சன்னல் வழியே பார்த்தார். சாம்பல் இல்லை, கோழி இல்லை, சாக்கடையில் ஈரம்கூட இல்லை.

"நான் என்ன பண்ணட்டும், அம்மணி? ஒரு குத்தமும் இல்லையே."

"குடியிருந்தாத்தானுங்க குத்தம் வரும்."

"அதையேதான் நானும் சொல்றேன்."

"அப்ப நான் அங்க குடி போறனுங்க. சாவியக் குடுங்க."

ரைட்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார். "நீ போயி அடுப்பு மூட்டுனா அதுக்கு அம்பதுல அஞ்சு மார்க்காவது கொறையும். ஆறாம் நம்பர் மொதல்ல வந்துரும்."

"அது என்ற ஊடுதானுங்களே."

"நீதான் காலி பண்ணிட்டியே."

"அப்பக் கொழா எந்த ஊட்டுக்கு வந்தாலும் நான் இன்னொரு ஊட்டுலதான் இருப்பனாட்ட இருக்குது."

பக்கத்தில் நின்ற லைன் வீட்டுப் பாவாயி, "ரெண்டு ஊட்டையும் பூட்டிப்போட்டு மரத்து மேல குடியிரு, மேரி. நொம்பச் சுத்தமா இருக்கும்" என்றாள். சிரிப்பு அடங்கும் வரை ஜெயமேரி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒட்டுன மார்க்க மாத்துவீங்களா, ரைட்டரே?"

ரைட்டர் புண்பட்டுப் போனார். "போட்ட மார்க்க நான் திருத்துனதே கெடையாது."

"அப்ப ஏழுதானுங்க மொதல். இனி யாரு அங்க இருந்தாலும் அவதான் அந்த ஊட்டுக்காரி."

ரைட்டரின் முப்பத்தைந்து மதிப்பெண் கணக்குக்கு அது சரியாகவே வந்தது. சாவியைக் கொடுத்தார்.

குழாய் வந்தது. போட்டி முடிந்த பிறகும் ரைட்டர் மாதப் பார்வையை நிறுத்தவில்லை. ஐப்பசியில் முதல் இடம், காலியாகிவிட்ட ஆறாம் எண் வீட்டுக்கு, முழு ஐம்பது. ஏழாம் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, கோழி உள்ளே நடமாடியது, குழாயடியில் கணுக்கால் அளவு சேறு.

"அம்பது வாங்குன ஊடு இருவத்திரண்டுக்கு வந்திருக்குது. உனக்கு வருத்தமே இல்லையா, அம்மணி?" என்றார் மெய்யான துக்கத்தோடு.

ஜெயமேரி குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தினாள். "அதையும் கழிச்சுக்கோங்க. செத்தத் தள்ளி நில்லுங்க, வேட்டில தெறிக்குது."