ஓரகத்தி பார்த்த ஊர்

புடவைக்குக் கீழே சாம்பல் நிற ஷூ. அக்கா ஸ்டாக்ஹோமிலிருந்து திரும்பி வந்த நாளை நினைத்தால் முதலில் என் கண்ணில் தெரிவது அதுதான். திருவிடைமருதூர் வீட்டு வாசலில் கார் நின்றது, கதவு திறந்தது, ஒரு ஷூ வெளியே வந்தது, பிறகு இன்னொன்று, அதற்கும் பிறகுதான் அக்கா வந்தாள். அறுபது வயது வரை ரப்பர் செருப்பைத் தவிர வேறெதையும் அறியாத கால் அது. தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் படியில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்த நிதானத்தைப் பார்த்தால், நடவுக்குப் போன காலத்திலிருந்தே ஷூ போட்டவள் என்று நினைக்கத் தோன்றும். "ஆரத்தியெல்லாம் வேணாம், முதல்ல ஒரு வாய் காப்பி குடு" என்றாள். நான் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் காப்பியில் சர்க்கரை போட்டேனா என்றுகூட இப்போது நினைவில்லை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் கணவருடைய அண்ணன் மனைவி, என் ஓரகத்தி. நான் திருத்துறைப்பூண்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அவள் மூன்றாம் வகுப்போடு நின்றவள். வயல், மாடு, ஆள் கூப்பிடுவது, நெல் காயப்போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. நான் பி.காம். படித்து தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவள். பட்டா, சிட்டா, அடங்கல் என்று ஊரில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அக்கா கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒவ்வொரு பஸ் உள்ளே வரும்போதும், "நீ படிச்சவ, பாத்துச் சொல்லு" என்பாள். நான் வேண்டுமென்றே ஒரு நொடி தாமதித்துத்தான் சொல்வேன். மற்ற எல்லாவற்றிலும் அவள் கைதான் ஓங்கியிருந்தது. அவள் வைக்கும் குழம்புக்குத்தான் பேர், அவள் சொன்னால்தான் நடவுக்கு ஆள் வரும், மாமியார் கடைசிவரை அவளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நொடி மட்டும் எனக்கே எனக்கு என்று இருந்தது.

அதையும் பறித்துக்கொண்டது ஸ்டாக்ஹோம். அக்காவின் மகன் திருச்சியில் இன்ஜினியரிங் படித்து, பெங்களூர் போய், அங்கிருந்து சுவீடனுக்கே போய்விட்டான். முதல் குழந்தை பிறந்தபோது அம்மாவை மூன்று மாதத்துக்கு அழைத்துக்கொண்டான். என் மகனும் இன்ஜினியர்தான். ஓசூரில் இருக்கிறான். ஓசூருக்கு ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் போய்விடலாம். அதைக் கேட்க யார் வருவார்கள்?

அக்கா சொல்வதைக் கேட்க மட்டும் ஊரே வந்தது. மகன் வீட்டிலிருந்து ஒரு பாலத்தைத் தாண்டினால் அந்த நகரத்தின் பழைய ஊர். மத்தியானம் குழந்தை தூங்கியதும் தனியாகவே நடந்து போய்விடுவாளாம். அதை அவள் சொல்லும் விதம் இருக்கிறதே! "ரெண்டு பக்கமும் தண்ணி ஓடுது, நம்ம ஸ்ரீரங்கம் மாதிரி. ஆனா அங்க தேர் இழுக்க முடியாது. எல்லாம் சந்து, எல்லாம் கருங்கல்லு. தெருமுனையில நம்ம ஊர்ல வண்டிச் சக்கரம் சொவத்த இடிக்காம இருக்கக் கல்லு நடுவோமில்ல? அங்க பீரங்கியவே நட்டு வச்சிருக்கான். சண்டை முடிஞ்சுதோ என்னமோ." பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராஜா அரண்மனைக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு சந்து இருக்கிறதாம், படி ஏறிப் போகும்போது இரண்டு முழங்கையும் இரண்டு சுவரிலும் உரசுமாம். "எதிர்ல ஆள் வந்தா?" என்று யாரோ கேட்டார்கள். "ஒருத்தர் விட்டுக் குடுக்கணும். அங்க எல்லாரும் எனக்கு விட்டுக் குடுத்துட்டாங்க" என்றாள். நான் புளியைக் கரைத்துக்கொண்டே, அரண்மனைக்குப் பக்கத்தில் எவன் அப்படிச் சந்து விடுவான், அளக்கிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அந்த வருஷமே என் கணவரை நச்சரித்துத் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போகச் சொன்னேன். மயிலாடுதுறையில் பஸ் மாறிப் போனோம். நல்ல வெயில். கோட்டை, வாசல் வளைவு, பழைய வெள்ளைக்காரத் தெரு, ஒவ்வொரு கல்வெட்டு, ஒவ்வொரு பலகை, ஒன்று விடாமல் படித்தேன். என் கணவர் கடற்கரையில் வறுத்த மீனைச் சாப்பிட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். திரும்பி வந்து நாலு பேர் இருக்கும்போது, "நீங்க பார்த்த ஊரைக் கட்டினவங்கதான் அக்கா இதையும் கட்டினது. நம்ம பக்கத்துலயே இருக்கு, அதுக்கு எதுக்கு பிளைட்டு?" என்றேன். அக்கா முகத்தில் கோபமே இல்லை. "அது டென்மார்க்காரன் கட்டினது. தம்பி இருக்கிறது சுவீடன். நடுவுல கடல் இருக்கு, அது மேல பாலம் போட்டிருக்காங்களாம்" என்றாள். தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் காகிதம் படித்தவளை, மூன்றாம் வகுப்பு திருத்தியது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு, தை அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், களத்தில் நின்றிருந்த அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கும்பகோணம் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. நான் அழுதேன், நிஜமாகவே அழுதேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அக்கா மகன் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த குழந்தைக்கு நீங்கதான் வரணும் சித்தி. எனக்கு வேற யாரு இருக்கா?" என்றான். அந்தத் துக்க வீட்டில், அவள் படத்துக்கு எதிரே நின்றுகொண்டு, என் மனசு ஒரு துள்ளு துள்ளியது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எழுதும்போதும் கை கூசத்தான் செய்கிறது.

போன வருஷம் வைகாசியில், அவனுக்கு அடுத்த குழந்தை பிறந்ததும், ஸ்டாக்ஹோம் போனேன். மனசுக்குள் ஒரே ஒரு எண்ணம்தான். அக்கா பார்க்காத ஒன்றையாவது நான் பார்த்துவிட வேண்டும். அவள் எழுத்துத் தெரியாமல் கால் போன போக்கில் நடந்தவள். நான் பெயர், வருஷம், வரலாறு எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டு வந்து சொல்வேன். அப்போது தெரியும் படித்தவள் பார்ப்பதற்கும் படிக்காதவள் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனே கூட்டிக்கொண்டு போனான். பாலம், தண்ணீர், செம்மண் நிறத்திலும் மஞ்சள் நிறத்திலும் ஒடுங்கி உயர்ந்த வீடுகள். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சதுக்கத்தில் ஒரு பெஞ்சைக் காட்டி, "அம்மா இங்கதான் உக்காருவாங்க" என்றான். மாதா கோயில் மணி அடித்ததும், "இந்த மணி கேட்டா அம்மா கெளம்பிடுவாங்க" என்றான். கம்பளி நூல் விற்கும் ஒரு கடைக்காரம்மா என் புடவையைப் பார்த்துவிட்டு வெளியே ஓடி வந்து, கைகூப்பி, அவனிடம் ஏதோ கேட்டாள். அவன் பதில் சொன்னதும் அவள் கண் கலங்கிவிட்டது. என் தோளைத் தடவிக் கொடுத்தாள். பாஷை தெரியாத ஊரில், மூன்றே மாதத்தில், தனக்காகக் கண்கலங்க ஓர் ஆளைச் சம்பாதித்துவிட்டுப் போயிருக்கிறாள்! அந்தச் சந்தும் இருந்தது. என் முழங்கைகள் இரண்டும் உரசின. செத்த பிறகும் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருக்கிறாளே என்று ஆத்திரமாக வந்தது. ஆமாம், ஆத்திரம்தான்.

அதனால்தான் மறுவாரம், மகன் வேலைக்கும் மருமகள் குழந்தைகளோடு டாக்டரிடமும் போயிருந்த நேரத்தில், யாரிடமும் சொல்லாமல் தனியாகக் கிளம்பினேன். அக்கா உட்காராத இடமாகப் பார்த்துப் பார்த்து உள்ளே உள்ளே போனேன். அரை மணி நேரத்தில் வழி தெரியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே கல், அதே சுவர். கால் வலித்தது. பயமும் வந்துவிட்டது. போனை எடுத்து மகனைக் கூப்பிட்டேன்.

"எங்க சித்தி இருக்கீங்க?"

"பதறாதே தம்பி. போர்டைப் பார்த்துட்டேன். கிராண்ட் தெருவுல நிக்கிறேன்."

"என்ன போட்டிருக்கு, எழுத்து எழுத்தாச் சொல்லுங்க" என்றான். முன்னால் நீளமாக ஒரு வார்த்தை, அது வாயில் நுழையவில்லை. பின்னால் தெளிவாக ஜி, ஆர், ஏ, என், டி. ஏ-யின் தலையில் இரண்டு புள்ளி. அந்த ஊரில் அழகுக்காக வைத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். அவன் சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது.

"அது கிராண்ட் இல்ல சித்தி. அவங்க பாஷையில அதுக்குச் சந்துன்னு அர்த்தம். அங்க எல்லாச் சந்துலயும் அதுதான் எழுதியிருக்கும்."

கும்பகோணத்தில் தொலைந்துபோனவள் போன் பண்ணி, நான் 'சந்து'வில் நிற்கிறேன் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதைத்தான் நான் சொல்லியிருக்கிறேன். காது சூடாகிவிட்டது.

"அம்மாவும் ரெண்டு தடவ தொலைஞ்சிருக்காங்க" என்றான். "அவங்க சொன்னா நான் டக்குனு கண்டுபிடிச்சிடுவேன். நீங்க போர்டைப் படிக்காதீங்க சித்தி. சுத்திப் பாத்து என்ன இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

போர்டைப் படிக்காதீர்கள் என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவன்தான். வேறு வழியில்லாமல் கண்ணைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு பச்சைக் கதவு, அதன் மேல் கல்லில் செதுக்கிய இரண்டு முகம், ஒன்றுக்கு மூக்கு உடைந்திருந்தது. சுவரில் இரும்பு ஆணிகள், தோசைச் சட்டுவம் நீளத்துக்கு. ஜன்னலில் ஒரு தொட்டி, அதில் நம் ஊர் சாமந்தி போல ஏதோ பூ. சந்தின் கடைசியில் ஒரு கீற்றுத் தண்ணீர். சொல்லச் சொல்ல, பத்து நாளாக அந்த ஊரில் நான் எதையுமே பார்க்கவில்லை என்று தெரிந்தது. "அங்கேயே நில்லுங்க" என்றான். கால் மணியில் வந்துவிட்டான். இதை மட்டும் ஊரில் யாருக்கும் மூச்சுவிடக் கூடாது என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் சாயங்காலம் கேட்க ஆள் வந்தது. எதிர்வீட்டு அம்மா, அவள் மருமகள், அக்காவோடு நடவுக்குப் போன இரண்டு பேர். ஓரமாக நாற்காலி போட்டு மச்சாண்டார், அக்காவின் கணவர். வயலை விட்டு வரமாட்டேன் என்று அவர் அந்த ஊருக்குப் போனதே இல்லை. நான் பாலத்தைச் சொன்னேன். "ரெண்டு பக்கமும் தண்ணி" என்று எதிர்வீட்டு அம்மா முடித்தாள். பீரங்கியைச் சொன்னேன். சிரித்தார்கள், ஆனால் ஏற்கனவே சிரித்துப் பழகிய சிரிப்பு. அந்தச் சந்தில் முப்பது படி இருக்கும் என்றேன். "முப்பத்தாறு" என்றார் மச்சாண்டார். "அவ எண்ணியிருக்கா."

பிறகு அவரே, தரையைப் பார்த்துக்கொண்டு, "அவ சொல்லாதது ஏதாவது இருந்தாச் சொல்லும்மா" என்றார்.

அப்படி என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். சொன்னேன். யாருக்கும் தெரியாமல் கிளம்பியதிலிருந்து, ஜி, ஆர், ஏ, என், டி வரை ஒன்று விடாமல் சொன்னேன். எதிர்வீட்டு அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மச்சாண்டாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா போன பிறகு அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதைக் கேக்க அவ இருந்திருக்கணும்மா" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அவள் இருந்திருந்தால், என் உயிரே போயிருந்தாலும் இதை வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.