அக்கார்டியன்காரர் ஏன் தலையைத் தூக்கவில்லை

மூன்றாம் நாள் ஷோ முடிந்ததும் சூப்பர்வைசர் சிவா அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"தம்பி, இந்த பிரேசில் பாட்டுக்காரிக்கும் கூட ஆடுற பொடியனுக்கும் ஏதோ இருக்கெண்டு எனக்கொரு சந்தேகம். கண்டபடி ஏதும் நடந்து மேனேஜர் கேள்விப்பட்டான் எண்டால் நிகழ்ச்சி கான்சல். அவையளை அடுத்த ஃபிளைட்டில ஏத்திவிடுவான். நீ ஒருக்காக் கவனி."

எனக்கு அபுதாபி ஹோட்டல் ஒன்றில் சவுண்ட் ஆபரேட்டர் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சொன்ன வேலையில் பிசகிவிடக் கூடாது என்ற பயம் எப்போதும் உண்டு.

வந்திருந்தது, பிரேசிலின் வடகிழக்குக் கிராமங்களில் ஆடும் 'ஃபோஹோ' என்ற ஜோடி நடனக் குழு. ஜுவாவ் மார்பில் மாட்டிய அக்கார்டியன் பெட்டியை வாசிப்பார். அவர் மனைவி லூசியா ஹெட்செட் மைக்கில் பாடிக்கொண்டே, ரெனாட்டோ என்ற இளைஞனோடு கன்னத்தோடு கன்னம் வைத்து ஆடுவார். எல்லாம் காதல் பாட்டு; வறட்சியில் ஊரைவிட்டுப் போனவன், காத்திருப்பவள். ஜுவாவ் மட்டும் தலையைத் தூக்குவதே இல்லை.

"பொண்டாட்டி எவன்கூடவோ ஆடுறா, இவன் பொட்டியவே பாத்துக்கிட்டு இருக்கான். வயித்தெரிச்சல்டா," என்றார் லைட் போடும் ராமநாதபுரத்து முருகேசன் அண்ணன்.

பாட்டு நின்று இசை மட்டும் ஓடும் இடங்களில் லூசியாவின் மைக்கை மியூட் செய்வேன். ஸ்பீக்கரில் வராது, என் ஹெட்போனில் கேட்கும். மறுநாள் அதைக் கவனித்துக் கேட்டேன். லூசியா ரெனாட்டோவின் காதில் ஏதோ கிசுகிசுத்தார், சிரித்தார். போர்த்துக்கீசு எனக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பு நல்லதாகப் படவில்லை. ஷோவை எப்போதும் ரெக்கார்ட் செய்வோம். அந்த இடத்தை சிவா அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன்.

அவர் நேராக ஜுவாவையே கூப்பிட்டுவிட்டார். ரெக்கார்டிங்கைக் கேட்டதும் ஜுவாவுக்கு முகம் சிவந்தது. அடிதடிதான் என்று நினைத்தேன். தடுமாறும் ஆங்கிலத்தில் விளக்கினார்: 'மறுபடியும் ஓடுறான் பாரு. என்னைப் பார்த்தாலே வேகம் கூட்டிடுவான். காலைச் சமாளிச்சுக்கோ' என்கிறாராம் லூசியா. வாசிக்கும்போது தன்னைப் பார்க்கவே கூடாது என்று கணவருக்குக் கண்டிஷனாம்; இவரோ குனிந்த தலையோடு ஓரக்கண்ணால் பார்த்துவிடுவாராம்.

அவர் போனதும் முருகேசன் அண்ணன், "பொண்டாட்டியக் காப்பாத்த இட்டுக்கட்டுறான்," என்றார்.

எனக்கும் நம்பிக்கை வரவில்லை. அக்கார்டியன் டிராக்கைத் தனியாகப் பிரித்து, சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமோடு சேர்த்து ஓடவிட்டேன். ஒவ்வொரு கிசுகிசுப்புக்கும் சற்று முன்னால் அக்கார்டியன் தாளத்தை முந்தி ஓடியிருந்தது.

சிவா அண்ணன் ஹெட்போனைக் கழற்றினார். "கட்டின மனுசியைப் பாத்தோ இவ்வளவு அந்தரப்பட்டு ஓடுறார்? சரி விடு. ஒரு பிரச்சினையும் இல்லை எண்டு மேனேஜரிட்ட நான் சொல்லுறன்."

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு மைக்கின் சேனலை மட்டும் கேட்டு யாரைப் பற்றியும் முடிவு கட்டாதீர்கள்.

முருகேசன் அண்ணனுக்குக் கடைசிவரை சந்தேகம் தீரவில்லை. கடைசி ஷோவில், "பாக்குறானான்னு பாப்போம்டா," என்று ஸ்பாட் லைட்டை ஜுவாவ் மேல் திருப்பினார்.

ஜுவாவ் தலையைத் தூக்கி லூசியாவைப் பார்த்தார். மெட்ரோனோம் தேவைப்படவில்லை. ரெனாட்டோவின் கால் இடறியது.