கூண்டில் நின்றவளுக்காக அழுதவர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் அந்தப் பழைய கறுப்பு வெள்ளை கோர்ட் படம் ஓடியது. "என்னமா நடிச்சிருக்கா பாரு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் என் கணவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நடிப்பில் குறை சொல்ல மாட்டேன். புருஷனுக்கு விஷம் வைத்ததாகக் கூண்டில் நிறுத்தப்பட்டவள் அவள். அரசு வக்கீலாக வருபவர் குரலையே உயர்த்த மாட்டார். சிரித்துக்கொண்டே தோலை உரிப்பார். அவளோ ஒவ்வொரு பதிலுக்கு முன்னும் எச்சில் விழுங்குவாள். அந்தத் தொண்டை அசைவுக்கே ஒரு விருது கொடுக்கலாம். எனக்குத் தெரியும், நானும் அப்படி விழுங்கியிருக்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. மைசூரில் ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸ். புகுந்த வீடு தேவராஜ மொஹல்லாவில். மார்க்கெட்டின் மல்லிகை வாசமும் அழுகிய முட்டைக்கோசு நாற்றமும் கலந்து கூடத்து ஜன்னல் வழியே வரும். இன்றைக்கும் கோஸ் நறுக்கினால் அந்தக் கூடம்தான் ஞாபகம் வருகிறது. நான் கோஸ் பொரியல் செய்வதே இல்லை, போங்கள்.

சின்ன நாத்தனார் செல்விக்கு வலிப்பு உண்டு. அதை மறைத்துத்தான் வரன் பார்த்தார்கள். எப்படியோ தெரிந்துபோய், மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். பெரிய நாத்தனாரை நங்கையா என்று கூப்பிடுவேன். அவர்தான் என்னைக் கூடத்தில் நிறுத்தி விசாரித்தார்.

"ஆஸ்பத்திரில வேலை பாக்குறவ நீதான? உன் வாய்தான் போயிருக்கும்."

"நான் சொல்லலீங்க, நங்கையா."

"பின்ன செவுரா போய்ச் சொல்லுச்சு?"

என் கணவர் பேப்பரை மடித்தார், மறுபடி விரித்தார். அவருடைய சாட்சியம் அவ்வளவுதான்.

மனசு ஆறட்டும் என்று மறுவாரம் எல்லோரும் இதே கோர்ட் படத்துக்குப் போனோம். குறுக்கு விசாரணையில் நங்கையா முந்தானையால் வாயைப் பொத்தித் தேம்பினார். "ஒண்ணுமறியாதவளப் போட்டு இந்தப் பாடு படுத்துறானே!"

"எனக்காக நீங்க ஏன் அழுவல, நங்கையா?" சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

முன்வரிசைக்காரர் திரும்பி, "சும்னே கூத்கோம்மா!" என்று கன்னடத்தில் அதட்டினார். பேசாமல் உட்கார்ந்தேன்.

இடைவேளையில் செல்வி கடலைப் பொட்டலத்தைப் பிரிக்காமலே சொன்னாள்: "அக்கா, இவங்க சொல்லல. நாந்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் பண்ணினேன். பொய் சொல்லிக் கட்டிக்க என்னால ஆகாது."

நங்கையா திகைத்தார். ஒரு கணம்தான். பிறகு என் பக்கம் திரும்பினார். "இப்படிச் சொல்லுன்னு நீதான கத்துக்குடுத்த?"

அங்கேயே கிளம்பிவிட்டேன். டிக்கெட் வீணாகுமே என்று கணவர் உள்ளேயே இருந்துவிட்டார். செல்விதான் பின்னாலேயே ஓடி வந்தாள். வழியில் சுருமுரி என்கிற காரப்பொரி வாங்கித் தின்றோம். கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் காரம்தான் காரணம் என்று இரண்டு பேரும் நடித்தோம்.

அந்தத் தியேட்டரை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். செல்வி கல்யாணமே வேண்டாமென்று கொள்ளேகாலில் டீச்சராக இருந்தாள். போன ஆடியில் போய்விட்டாள். துக்கத்துக்கு வந்தவர்களிடம், என் காதுபடவே, நங்கையா சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்த வரன் தட்டிப்போகாம இருந்திருந்தா... யாரு கெடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

'இவங்க சொல்லல' என்று சொல்ல இருந்த ஒரே ஆளைத்தான் கூடத்தின் நடுவில் கிடத்தியிருந்தார்கள்.