பதினாலாம் நம்பரின் முழங்காலும் வேலியோரத்து நிபுணர்களும்

ஒரு கால்பந்து அணிக்குப் பிசியோவாக வேலை செய்கிறவளிடம் ஊர் முழுக்கக் கேட்பது ஒரே கேள்விதான்: "பெடியன் விளையாடுவானோ?" அந்த ஒரு கேள்விக்குத்தான் அவள் வாய் திறக்கக்கூடாது. சிகிச்சைக்கு வந்தவரின் உடம்பைப் பற்றி வெளியில் கதைக்க இங்கே சட்டம் விடாது. தெரிந்த விசயத்தைத் தெரியாத மாதிரி முகத்தை வைத்திருக்க வேண்டிய வேலை உங்களுக்கும் வாய்த்திருந்தால், டொக்டரின் முன்மேசையிலோ பள்ளிக்கூட அலுவலகத்திலோ நீங்கள் இருந்தால், என் பாடு உங்களுக்கு உடனே விளங்கும்.

நான் ஹேர்னிங் என்கிற டேனிஷ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு விளையாட்டுக் கல்லூரியில் வேலை செய்கிறேன். ஓகஸ்டில் போட்டிகள் தொடங்க முன்னர் அங்கே பத்து நாள் பயிற்சி முகாம் நடக்கும். பெடியன்கள் அங்கேயே தங்குவார்கள். காலைப் பயிற்சியை யாரும் வந்து வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். போன வருட முகாமில் நடந்தவற்றைச் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், முழங்கால்களை மாற்றவில்லை.

முதல் நாளே ஒரு தேர்வு

எங்கள் வேலியோரத்தில் நிரந்தரமாக இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் துரை அண்ணை, துணி பக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மற்றவர் பென்ட், ஓய்வு பெற்ற டேனிஷ் பஸ் ட்ரைவர். இருவரும் மடக்குக் கதிரையோடு ஒன்பது மணிக்கே வந்துவிடுவார்கள். கோப்பி பென்டினுடையது, அபிப்பிராயம் துரை அண்ணையுடையது. துரை அண்ணையின் டேனிஷில் வினைச்சொற்கள் குறைவு. ஆனால் கால்பந்துக்கு அது போதும் என்பது பென்டின் கருத்து.

முதல் நாள் யாருக்கும் இலக்கம் போட்ட சட்டை கொடுக்கவில்லை. துரை அண்ணை அதற்குள் ஒருவனைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். பந்து காலில் இல்லாத நேரத்திலும் அவன் ஒழுங்காக ஓடுகிறானாம், தலையை நிமிர்த்திப் பார்க்கிறானாம், இடது பக்கத்துக்கு இவனை விட்டால் வேறு ஆள் இல்லையாம். பென்டும் தலையாட்டினார். நான் திரும்பிப் பார்த்தேன். அது எங்கள் புதிய உடற்பயிற்சி ஆசிரியர். முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். பெடியன்களுக்கு எப்படி ஓடுவது என்று காட்டிக்கொண்டிருந்தார். இதைச் சொல்ல எந்தச் சட்டமும் தடை இல்லாதபடியால் சந்தோசமாகச் சொன்னேன். துரை அண்ணை விட்டுக்கொடுக்கவில்லை: "அதுக்கென்ன பிள்ளை, இந்தக் கூட்டத்தில இப்போதைக்கு அவர்தான் ஒழுங்கா ஓடுறார்."

தண்ணீர்ப் போத்தல்

மூன்றாம் நாள் காலை பென்ட் என்னை வேலிக்குக் கூப்பிட்டார். அவர் அதிகம் கதைக்கிற மனிதர் இல்லை, அதனால் போனேன். கோல்கீப்பர் மிக்கெல் தண்ணீர்ப் போத்தலை இடது கையால் எடுக்கிறான், போன சீசனில் வலது கையால்தான் எடுத்தான் என்றார். அவ்வளவுதான். நான் நன்றி சொல்லிவிட்டு, வழக்கமான ஒன்றும் தெரியாத முகத்தோடு திரும்பி வந்தேன். உண்மையில் எனக்கும் ஒன்றும் தெரியாதுதான். அதுதான் என்னைச் சுட்டது. மூன்று நாளாக அவனோடு ஒரே மைதானத்தில் நிற்கிறேன், என் கண்ணில் படவில்லை.

மதியம் மிக்கெலை மேசையில் இருத்தி, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொன்னேன். காது மட்டம் வரை வந்தது, அதற்கு மேல் முகம் சுருங்கியது. இரண்டு கிழமையாக நோகிறதாம். இந்த வருடம் இன்னொரு கோல்கீப்பரும் வந்திருக்கிறான், சொன்னால் இடம் போய்விடும் என்று மறைத்திருக்கிறான். பத்தொன்பது வயதுப் பிள்ளை, சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. தோள் நார் கிழிந்திருக்குமோ என்று எனக்கும் பயம். அடுத்த நாள் ஸ்கானில் பார்த்தால் கிழியவில்லை, வீக்கம் மட்டும்தான். பதினைந்து நாள் ஓய்வு போதும். இன்னும் ஒரு கிழமை பாய்ந்து பாய்ந்து விழுந்திருந்தால் கதை வேறு. மிக்கெல் என்னைக் கட்டிப்பிடித்தான். நான் பென்டிடம் முடிவைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்டேன். அவர் டேனிஷில் சொன்னது தமிழில் இப்படி வரும்: "நான் பஸ் ஓட்டினவன். ஆக்கள் எந்தக் கையால கம்பியைப் பிடிக்கினம் எண்டு பாக்காமல் பிரேக் போடேலாது."

தொடையில் தொடங்கிக் கழுத்தில் முடிந்தது

சனிக்கிழமை கூட்டம் கூடும். அன்று கோயிலில் இருந்து நேரே வந்த ஒருவர், நெற்றியில் திருநீறு அழியாமல், என்னைக் கார் நிறுத்துகிற இடத்துக்கு வரச்சொன்னார். எங்கள் முன்வரிசை ஆட்டக்காரனின் தொடை எப்படி என்று கேட்டார். சொல்ல முடியாது என்றேன். பரவாயில்லை என்றார். பிறகு, தொடையில் இழுக்கிற நோவு கைக்கும் வருமோ என்றார். யாருடைய கைக்கு என்று கேட்டேன். அவருடைய இடது கைக்குத்தான். நாலு நாளாக விறைக்கிறதாம், வீட்டில் சொல்லவில்லையாம்.

எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது புதிது இல்லை. எந்தக் கல்யாண வீட்டிலும் ஒருவர் முதுகைக் காட்டுவார். ஆனால் இடது கை என்றதும் நான் சிரிக்கவில்லை. நெஞ்சு நோவு உண்டோ, வேர்க்கிறதோ என்று கேட்டேன். இல்லை என்றார். இல்லை என்று சொல்லும் ஆண்களை நான் நம்புவதில்லை. அவர் அவசர டொக்டருக்கு போன் எடுக்கும் வரை பக்கத்தில் நின்றேன், அவருடைய மனைவியையும் கூப்பிட வைத்தேன். திங்கட்கிழமை அவர் திரும்பி வந்தார். இருதயம் சுத்தம். கழுத்தில் ஒரு நரம்பு நெரிந்ததுதான் காரணம். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. "கழுத்து எண்டு முதலே தெரிஞ்சிருந்தால்," என்றார், "பிள்ளையாருக்கு அவ்வளவு பெரிய நேர்த்திக்கடன் வச்சிருக்க மாட்டன்."

பதினாலாம் நம்பரை வீட்டுக்கு அனுப்பச் சொன்னது

அதே திங்கட்கிழமை, பராமரிப்பு இல்லத்துச் சீருடையோடு ஒரு அம்மா வேலியின் ஒரு மூலையில் வந்து நின்றா. கிரின்ஸ்டெட்டில் இருந்து கார் ஓடி வந்திருந்தா. பெயர் ரஞ்சி. எங்கள் நடுவரிசை ஆட்டக்காரன் நிலானின் தாய். அவனுக்குப் பதினாலாம் நம்பர் சட்டை. தாய் வந்து பார்ப்பது அவனுக்கு வெட்கமாம், அதனால் மரத்துக்குப் பின்னால் நின்றா. என்னிடம் கேட்டது அவன் விளையாடுவானோ என்று இல்லை. பாண் மட்டும் சாப்பிடுகிறானோ, சோறு சாப்பிடுகிறானோ என்பதுதான் கேள்வி. இதற்காவது பதில் சொல்லலாம் என்று எனக்கு ஒரு நிம்மதி. இரண்டும் சாப்பிடுகிறான் என்றேன்.

பக்கத்தில் துரை அண்ணை அன்றைய தீர்ப்பை வாசித்துக்கொண்டிருந்தார். பதினாலாம் நம்பர் எங்கள் தமிழ்ப் பெடியன் என்பதற்காக விட்டுக்கொடுக்க ஏலாதாம். மெதுவாக ஓடுகிறானாம். பந்து கிடைத்தால் எந்த நேரமும் வலது பக்கம்தான் திரும்புகிறானாம், இடது பக்கத்தில் ஒருவன் தனிய நின்றாலும் பார்ப்பதில்லையாம். அந்த அம்மா யார் என்று அவருக்குத் தெரியாது. நான் கண்ணைக் காட்டினேன், இருமினேன், அவர் நிற்கவில்லை. கடைசியில் இவனை வீட்டுக்கு அனுப்பினால் அணிக்கு நல்லது என்று முடித்தார். ரஞ்சி அக்கா மரத்தை விட்டு வெளியே வந்து, கோபமே இல்லாமல் சொன்னா: "அனுப்பி விடுங்கோ அண்ணை. நானும் சமைச்சு வச்சுக்கொண்டுதான் இருக்கிறன்."

மூன்று நாள் ஒருவரும் கேட்காத கேள்வி

அடுத்த நாள் காலை, பக்கத்தில் யாருமே இல்லாத ஒரு இடத்தில் நிலான் விழுந்தான். திரும்பும்போது பாதம் புல்லில் நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. அவன் கத்திய சத்தம் வேலியோரம் வரை கேட்டது. நான் ஓடினேன். முழங்காலின் உள்ளே இருக்கிற நார் அறுந்தால் ஒரு வருடம் போய்விடும். சில பேருக்கு விளையாட்டே போய்விடும். அது அறுந்ததோ என்று பார்க்க, தொடையை ஒரு கையால் பிடித்து, கீழ்க்காலை மற்றக் கையால் முன்னுக்கு மெதுவாக இழுப்போம். நார் இருந்தால் ஓரிடத்தில் டக்கென்று நிற்கும். அறுந்திருந்தால் சும்மா வரும். நிலானின் தசை எல்லாம் நோவில் இறுகிக் கல்லாகிவிட்டது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இருபது வருட அனுபவம், ஒரு பெடியனின் காலைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டி வந்தது. தாய்க்கும் அதையே போனில் சொன்னேன். ரஞ்சி அக்கா அழவில்லை. ஓம், ஓம் என்று மட்டும் சொன்னா. அது அழுகையை விடக் கஷ்டமாக இருந்தது.

ஸ்கானும் முடிவும் வர மூன்று நாள். அந்த மூன்று நாளும் நான் வேலிப் பக்கம் போகப் பயந்தேன். போனபோது துரை அண்ணை எழும்பி நின்றார். கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. காலநிலையைப் பற்றிக் கதைத்தார். அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் தன் மடக்குக் கதிரையை வேலிக்கு மேலால் தந்து, ஊன்றுகோலோடு வந்து பயிற்சியைப் பார்க்கிற நிலானுக்கு அதைக் கொடுக்கச் சொன்னார். தான் நின்றுகொண்டே பார்த்தார். வருடம் முழுக்கக் கேள்வி கேட்கிற மனிதர் கேட்காமல் நின்றது எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று பத்தரை மணிக்கு முடிவு வந்தது. நார் முழுசாக இருந்தது. எலும்பில் ஒரு கண்டல் காயம், பக்கத்து நாரில் ஒரு சின்ன இழுவை, ஆறு கிழமை ஓய்வு. அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன், பிறகு நிலானைக் கூப்பிட்டேன். நிலான் தாயோடு போனில் டேனிஷில் கதைத்தான், மறுபக்கத்தில் தமிழில் அழுகைச் சத்தம் கேட்டது. பிறகு ஊன்றுகோலோடு தானே வேலிக்குப் போய், கால் தப்பிவிட்டது என்று துரை அண்ணையிடம் சொன்னான். துரை அண்ணை ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் முன்னர் அவனைப் பற்றிக் கதைத்தது எல்லாம் அவனுக்குக் கேட்டதோ என்றார். நிலான் தமிழைத் தேடித் தேடிச் சொன்னான்: "எல்லாம் கேட்டது அங்கிள். இடது பக்கம் பாக்கிறேல்லை எண்டது மட்டும் சரி."

மூன்றுக்குப் பூச்சியம்

முகாமின் கடைசி நாள் ஓல்போர்க்கில் இருந்து ஒரு அணி வந்து எங்களோடு பயிற்சிப் போட்டி ஆடியது. கோலில் மிக்கெல் இல்லை, நடுவில் நிலான் இல்லை. மூன்று கோல் வாங்கினோம், ஒன்றும் போடவில்லை. வேலியோரத்தில் சாவீடு மாதிரி இருந்தது. இந்த சீசன் முடிந்தது என்று சீசன் தொடங்க முன்னரே சிலர் சொல்லிவிட்டார்கள். பென்ட் மிச்சக் கோப்பியைப் புல்லில் ஊற்றினார்.

நான் மைதானத்தின் ஓரத்தில், முதலுதவிப் பையை மடியில் வைத்தபடி தொண்ணூறு நிமிடமும் இருந்தேன். ஒரு தரம்கூட உள்ளே ஓடவில்லை. ஐஸ் பெட்டியைத் திறக்கவே இல்லை. விழுந்தவன் எல்லாம் எழும்பினான், எழும்பினவன் எல்லாம் ஓடினான். கடைசி விசில் ஊதியபோது, திறக்காத பையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் உடுப்பு மாற்றும் அறைப் பக்கம் நடந்தேன். கோச் லார்ஸ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எதிரே வந்தார். என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். "மூண்டு கோல் வாங்கினதுக்குச் சிரிச்சுக்கொண்டு போற ஆள்," என்றார் டேனிஷில், "இந்த யூட்லண்ட் பக்கம் முழுக்க நீர் ஒராள்தான்."

எந்தப் பெடியன் நன்றாக விளையாடுகிறான் என்பது வேலிக்கு வெளியே நிற்கிற எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நாளைக்குக் காலையில் எவன் கைப்பிடியைப் பிடிக்காமல் படி இறங்குவான் என்பதைத் தெரிந்து வைத்திருக்கத்தான் எனக்குச் சம்பளம்.