துருக்கறையும் படுத்த நிலாவும்

பிள்ளைகளே, உங்களைப் போல ஒரு பிள்ளை எனக்கும் உண்டு. ஒரே மகள். அவளும் அவள் அம்மாவும் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். அம்மாவுக்கு அங்கே நர்ஸ் வேலை. நானும் ஒரு தடவை போய் இருந்து பார்த்தேன். பெயிண்ட் தூசி ஏறிய என் நெஞ்சுக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, திரும்பி வந்துவிட்டேன். கேரளத்தில் உதியன்குளங்கரை பக்கம் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கதவைத் திறப்பதும் நான்தான், உள்ளே போய் விளக்கைப் போடுவதும் நான்தான்.

அதனால் இரண்டு காரியங்களைப் பழகிக்கொண்டேன். ஒன்று, பஸ், லாரி, வீடு என்று பார்த்ததையெல்லாம் அளவு குறைத்துச் சிறிதாகச் செய்து பெயிண்ட் அடிப்பது. இன்னொன்று, ஒரு சின்னத் தொலைநோக்கியில் போனைப் பொருத்தி நிலாவையும் நட்சத்திரத்தையும் படம் எடுப்பது. இரண்டுக்கும் பேச்சுத்துணை வேண்டாம்.

துலாமாத மழை, அதாவது ஐப்பசி மழை, ஓய்ந்த நேரம், மகள் வீடியோவில் வந்தாள்.

"அப்பா, ஸ்கூல்ல 'எனக்க வீடு'ன்னு ஒரு மாடல் கொண்டு வரச் சொல்லியிருக்கினும். எந்த வீட்டச் செய்ய?"

நான் தலையைத் திருப்பி எங்கள் ஓட்டு வீட்டுச் சுவரைப் பார்த்தேன்.

"இந்த பிளாட்டு லேசாக்கும். அட்டைப்பெட்டி போதும்னு அம்மா சொல்லுதா," என்றாள்.

"நம்ம வீட்ட நான் செஞ்சு அனுப்புதேன் மக்கா," என்றேன்.

"அப்ப மேல நிலாவும் வேணும். நீங்க எடுத்த நிலா."

சரி என்றேன். பக்கத்து வீட்டுப் பெண் லீவு முடிந்து அந்த ஊருக்கே போகிறாள். அவள் கையில் கொடுத்துவிடலாம். அதற்குள் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் என் பிள்ளை ஒரு பிளாட்டைக் காட்டி 'எனக்க வீடு' என்று சொல்லுவாள். சொன்னால் தப்பில்லை. ஆனால் அன்றைக்கே அளவு நாடாவை எடுத்து வீட்டை அளக்கத் தொடங்கினேன்.

ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்து, ஃபோம் போர்டில் சுவரும், அட்டையில் ஓடும் வெட்டினேன். கம்பியை வளைத்து ஜன்னலுக்கு அழி, அதாவது கிராதி, வைத்தேன். மஞ்சள் பெயிண்டை ஸ்பிரே செய்து படம் எடுத்து அனுப்பினேன்.

"இது யாருக்க வீடு?" என்று மகள் கேட்டாள்.

அவள் அம்மா பின்னாலிருந்து சிரித்தாள். "புதுசா கட்டுன ஆசுபத்திரி மாதிரி இருக்கு. நம்ம வீட்டுல பாசி இல்லாத செவரு உண்டா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கை இத்தனை காலமும் துருவைச் சுரண்டி, பள்ளத்தில் புட்டிப் பசை பூசி, பளபளவென்று ஆக்கிப் பழகின கை. வீட்டையும் அப்படியே ஆக்கிவிட்டது. அழுக்கை வைக்க அதற்குத் தெரியவில்லை. தண்ணீராகக் கலக்கிய கறுப்புப் பெயிண்டைச் சுவரில் வழியவிட்டால், நான் அறியாமலே பழந்துணி எடுத்துத் துடைத்துவிடுவேன். கடைசியில் துணியை அடுத்த அறையில் வைத்துப் பூட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

பட்டறையில் பழைய பஸ்ஸின் கதவுக்கடியில் துருவைச் சுரண்டித் துணியில் சலித்துக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்கிறவன் வந்து நின்றான்.

"அண்ணே, துரு போக்கத்தான் இங்க ஆளு வாறான். நீங்க துருவப் பொதிஞ்சு வீட்டுக்குக் கொண்டு போறியளே, தலைக்கு வல்லதும் ஆச்சா?"

"வீட்டுக்குப் பூசதுக்காக்கும்," என்றேன். அவன் அதற்குமேல் கேட்கவில்லை.

அந்தத் துருவைப் பசையில் குழைத்து ஜன்னல் அழிக்குக் கீழே ஒரு கோடு இழுத்தேன். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் மழை வழிந்து பிடித்த துருக்கறை உண்டு. வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழை வந்து அடிக்கும் தென்மேற்குச் சுவரில் மட்டும் பாசியை உலர்த்திப் பொடித்து ஒட்டினேன். வீடு வீடாகிவிட்டது.

இனி நிலா. அந்தி நேரம் பிறை தெரிந்தது. படம் எடுத்து அனுப்பினேன். காலையில் பார்த்தால் மகளிடமிருந்து வேறொரு நிலா வந்திருந்தது. அவள் ஜன்னலில் எடுத்தது.

"அப்பா, உங்க நிலா விழுந்து கெடக்கு. இங்க பாருங்க, நிக்குது."

என் தொலைநோக்கி எதையும் தலைகீழாகத்தான் காட்டும். படத்தை நான்தான் திருப்பி வைக்க வேண்டும். திருப்பினதில் பிழை வந்துவிட்டது என்று நம்பினேன். அவளுடையதைப் பார்த்து என் நிலாவையும் நிறுத்தி, ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, வீட்டுக்குப் பின்னால் வானமாக ஒட்டினேன்.

அன்று சாயங்காலம் காயப்போட்ட துணியை எடுக்க வெளியே வந்தேன். தென்னைக்கு மேலே பிறை. மீன்பிடி வள்ளம் போல மல்லாந்து கிடந்தது. தொலைநோக்கி இல்லை, போனும் இல்லை. என் கண்ணால் பார்க்கிறேன், படுத்துதான் கிடக்கிறது.

பிள்ளைகளே, ஓர் ஆரஞ்சுப் பழத்தின் நடுவில் ஒரு குண்டூசியும், மேல்பக்கம் ஒரு குண்டூசியும் குத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே சாய்வில் நிற்காது. பூமி என்ற உருண்டையில் நடு ஊசி நான், மேல் ஊசி என் மகள். அதனால் எனக்குப் படுத்த நிலா அவளுக்கு நிற்கிறது. தூரத்தில் இருந்தாலும் ஒரே நிலாவைத்தானே பார்க்கிறோம் என்று அதுவரை எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. கையில் துணியோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

எந்த நிலாவை அனுப்புவது? நிற்கிற நிலாவை அனுப்பினால் அவளுக்குச் சந்தோஷம். ஆனால் இந்த ஓட்டுக்கு மேலே அப்படி ஒரு நிலா வராது. ஒட்டினதை உரித்தேன், வானமும் சேர்ந்து கிழிந்தது. மறுபடி நீலம் பூசி, படுத்த நிலாவை ஒட்டி, பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையில் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு மகள் அட்டைப்பெட்டியை எடுத்துவிடுவாளோ என்ற பயம் பிறகும் இருந்தது.

பள்ளிக்கூட நாள் முடிந்ததும் அவள் கூப்பிட்டாள்.

"டீச்சர் நிலா தப்பா இருக்குன்னு சொன்னாவ."

"நீ என்ன சொன்ன?"

"எங்க வீட்டுல அது படுத்துதான் கெடக்கும்னு சொன்னேன். அப்பா, ஜன்னலுக்குக் கீழ அந்தத் துரு இப்பவும் உண்டா?"

"உண்டு மக்கா."

"அழிச்சிராதீங்க, கேட்டியளா," என்றாள். பிறகு லைன் போய்விட்டது. மறுபடி கூப்பிட்டேன், கிடைக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு இங்கே எல்லா வீட்டுக்கும் பெயிண்ட் அடிப்பார்கள். நானும் ஒரு வாளி வாங்கி வைத்திருந்தேன். அதைத் திறக்கவில்லை. வேதக்கோயிலுக்குப் போகிறவர்கள் என் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, "பெயிண்டருக்க வீட்டப் பாத்தியளா!" என்று சிரித்துக்கொண்டு போகிறார்கள். நான் ஜன்னலுக்குக் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பிறை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.