தண்ணியக்காவும் பிளாஸ்திரி பீரும்

குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவருக்குத் தண்ணியக்கா என்று பேர் வராமல் வேறென்ன வரும்? பேர் வைத்தவர்கள் கூட வேலை பார்த்தவர்கள். அதை ஊரெல்லாம் பரப்பியது அவருடைய வீட்டுக்காரர். புதிதாக யார் வீட்டுக்கு வந்தாலும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "எங்க வீட்டம்மா காலைல எட்டு மணிக்கெல்லாம் தண்ணியில இருப்பா" என்பார். வந்தவர் திருதிருவென்று முழிப்பார். இந்தப் பக்கம் தண்ணியக்கா தலையில் அடித்துக்கொள்வார். சொட்டு மது நாக்கில் பட்டிராத மனுஷி அவர்.

அவருடைய வேலையைச் சொல்வது சுலபம், செய்வதுதான் கஷ்டம். ஊரில் பதினேழு இடங்களிலிருந்து தினமும் பாட்டில்களில் தண்ணீர் வரும். கிருமி, உப்பு, குளோரின் எல்லாவற்றையும் மெஷின் பார்த்துக்கொள்ளும். வாசனைக்கும் ருசிக்கும் மட்டும் மூக்கும் நாக்கும்தான் வேண்டும். நீண்ட கழுத்துக் குடுவையில் தண்ணீரை ஊற்றிச் சூடாக்கி, மூடியைத் திறந்து ஒரே ஒரு முறை மோந்து பார்ப்பார். ஆறிய பிறகு ஒரு வாய் வைத்து, நாக்கில் உருட்டி, துப்பிவிடுவார். நோட்டில் "மண்" என்றோ "பாசி" என்றோ எழுதுவார். முப்பத்து மூன்று வருஷத்தில் அவர் அதிகம் எழுதியது "ஒன்றுமில்லை" என்பதுதான். அந்த ஒன்றுமில்லைக்காக அவர் வேலை நாளில் பச்சை வெங்காயம் தொட்டதில்லை, சென்ட் அடித்ததில்லை, வாசனைச் சோப்புப் போட்டுக் குளித்ததில்லை.

ஒரு தடவை "ரப்பர்" என்று எழுதினார். மெஷின்கள் எல்லாம் தண்ணீர் சுத்தம் என்று சொல்லிவிட்டன. மேலதிகாரி, "உங்களுக்கு ஜலதோஷமா?" என்று கேட்டார். தண்ணியக்கா இரண்டாவது பாட்டில் கேட்டார், மூன்றாவது கேட்டார், மூன்றிலும் "ரப்பர்" என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடைசியில் அந்தத் தெருவைத் தோண்டினார்கள். புதிதாகப் போட்ட குழாயின் மூட்டுகளில் எவரோ தரம் கெட்ட ரப்பர் வளையங்களை மாட்டியிருந்தார்கள். அவ்வளவையும் மாற்றினார்கள். அந்தத் தெருக்காரர்களுக்கு இன்றுவரை இந்த விஷயம் தெரியாது. தண்ணீர் நன்றாக இருந்தால் யார் போன் செய்யப் போகிறார்கள்?

ஓய்வு பெற்ற அன்று ஒரு பிரஷர் குக்கர் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். அப்புறம் இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். மூக்குக்கு வேலை இல்லாமல் போய், பால், துண்டு, வீட்டுக்காரரின் செருப்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் மோந்து பார்த்துக் குற்றம் சொல்ல ஆரம்பித்தார். வீட்டுக்காரர் தாங்க முடியாமல் தங்கையிடம் முறையிட்டார்.

அந்தத் தங்கை, அதாவது தண்ணியக்காவின் நாத்தனார், மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறவள். புருஷன் போன பிறகு தனி ஆள். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பீர் குடிப்பாள், அதை யாரிடமும் மறைக்க மாட்டாள். கடைக்கு வருகிற வாடிக்கையாளர் ஒருவர் அவளுக்கு இரண்டு டிக்கெட் கொடுத்திருந்தார்.

"அண்ணி, சனிக்கிழமை ஒரு வேன் கிளம்புது. மூணு இடம். பீர் காய்ச்சுற சின்ன ப்ரூவரி ரெண்டு, நடுவுல ஆப்பிள் சாத்தைப் புளிக்க வச்சு சைடர் பண்ற இடம் ஒண்ணு. எல்லா இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் ஊத்தித் தருவாங்க. வாங்க போலாம்."

"எனக்கு எதுக்குடி அது? நான்தான் குடிக்க மாட்டேனே."

"குடிக்க யாரு சொன்னா? முப்பத்தி மூணு வருஷமா வாயில வச்சு வச்சுத் துப்பினீங்கல்ல? அங்க வந்தும் துப்புங்க!"

தண்ணியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

வேனில் ஒன்பது பேர். முதல் இடம் பழைய டயர் கடை. தரையில் இன்னும் டயர் தேய்ந்த கறுப்புக் கோடுகள் இருந்தன. அவற்றின் மேல் ஆளுயர எவர்சில்வர் தொட்டிகள் ஐந்து நின்றன. சின்னச் சின்னக் கண்ணாடித் தம்ளர்களில் நான்கு வகை ஊற்றி வைத்தார்கள். மற்றவர்கள் மடக்மடக்கென்று குடித்து "நல்லா இருக்கு" என்றார்கள். தண்ணியக்கா காலித் தம்ளர் ஒன்று கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மோந்தார், வாயில் வைத்தார், துப்பினார், டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதினார். கறுப்பு பீருக்கு "காப்பிக்கொட்டை, கருகிய ரொட்டி ஓரம், கடைசியில் திராட்சைத் தோல்" என்றிருந்ததை ஊற்றிக் கொடுத்தவர் எட்டிப் பார்த்தார். உடனே உள்ளே ஓடி, தயாரித்தவரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. வேனில் ஏறியதும் பின் சீட்டுக்காரர்களிடம் திரும்பி, "எங்க அண்ணி" என்று ஆரம்பித்தவள் அடுத்த இடம் வரும் வரை நிறுத்தவில்லை.

அடுத்த இடம் சைடர் செய்கிற கொட்டகை. முன்பு பழங்களை அடுக்கி வைக்கிற குளிர்பதனக் கிடங்காக இருந்ததாம். நடத்தியவர் ஓர் அம்மாள். கையெல்லாம் ஆப்பிள் கறை. பிழிந்த சாற்றில் காட்டுக் கிருமிகள் சேராமல் இருக்க ஒரு மாத்திரையைப் பொடித்துப் போடுவோம் என்று காட்டினார். தண்ணியக்கா வாங்கி மோந்து பார்த்து, "இதோட ஒண்ணு விட்ட தம்பி எங்க லேப்ல இருக்காருங்க. பாட்டில்ல இருக்கிற குளோரினைப் போக்க ஒரு சிட்டிகை போடுவோம்" என்றார். அந்த அம்மாள் இதைக் கேள்விப்பட்டதில்லை. நீங்கள் யார் என்று விசாரித்து, போகும்போது ஒரு கையளவு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

மூன்றாவது இடத்தில்தான் விஷயம். நடத்துகிறவர் முன்பு லிஃப்ட் மெக்கானிக். பாதித் தொட்டிகளைத் தானே பற்றவைத்துச் செய்தவர். அவர் மனைவி கவுன்டரில் நின்று ஊற்றிக் கொடுத்தார். வெளிர் மஞ்சள் நிறத்தில் பார்க்கவே அழகான பீர். வேனில் வந்தவர்கள் ஒரு மிடறு குடித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"லேசா புகை வாசனை வருது, இல்ல?" என்றார் ஒருவர் மரியாதைக்கு.

"கிராம்பு மாதிரி. ஈஸ்ட் அப்படி" என்றார் லிஃப்ட்காரர். சொன்ன குரலில் தெம்பு இல்லை.

தண்ணியக்கா துப்பினார். டிக்கெட்டில் ஒரே ஒரு சொல் எழுதினார். நாத்தனார் அதைப் படித்து, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "பிளாஸ்திரியா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டாள்.

காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி. அந்தச் சொல் விழுந்ததும் எல்லோர் மூக்கும் அதைப் பிடித்துக்கொண்டது. கவுன்டரில் நின்ற மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

லிஃப்ட்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "மேடம், நான் எட்டு வருஷமா இதைப் பண்றேன். உங்களுக்கு பீர் குடிச்சுப் பழக்கம் உண்டா?"

"இல்லீங்க. இன்னைக்குத்தான் முதல் தடவை."

"அப்புறம் எப்படிச் சொல்றீங்க?"

"பீரைப் பத்தி நான் சொல்லலைங்க. எனக்கு ஒரு கிளாஸ் தண்ணி தருவீங்களா? நீங்க பீர் காய்ச்சுற அதே குழாய்த் தண்ணி."

வேனில் வந்தவர்கள் சிரித்தார்கள். லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. உள்ளே போய், மூன்று தம்ளர்களோடு வந்தார். அவற்றில் இருந்தது தண்ணீர் இல்லை, பீர்.

"முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. ரெண்டு ஒரே பீர், ஒண்ணு வேற. எது வேற?"

கூட வந்த எல்லோரும் சுற்றி நின்றார்கள். தண்ணியக்கா கைக்கடிகாரத்தைக் கழற்றி நாத்தனாரிடம் கொடுத்தார், அதன் தோல் வார் வாசனை குறுக்கே வரக்கூடாது என்று. கண்ணை மூடி மூன்றையும் மோந்தார். "நடுவுல இருக்கிறது. அதுல பிளாஸ்திரி இல்ல. நல்ல பீர் அது." லிஃப்ட்காரர் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தார். "இப்ப வலது கைப் பக்கம்." மூன்றாம் முறை கொண்டுவந்தபோது தண்ணியக்கா கண்ணைத் திறந்து, "இந்தத் தடவை மூணும் ஒண்ணுதாங்க. மூணுலயும் பிளாஸ்திரி" என்றார்.

லிஃப்ட்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "முதல் தடவை நடுவுல இருந்தது எட்டு மாசத்துக்கு முந்திப் போட்டது" என்றார் மெதுவாக. "அதுக்கப்புறம் போட்டது எல்லாம் இப்படித்தான். ஈஸ்ட்டை மாத்தினேன். தொட்டியெல்லாம் தேச்சுக் கழுவினேன். மூணு தடவை மொத்தமா சாக்கடையில கொட்டியாச்சு. கிராம்புன்னு சொல்லிச் சமாளிக்கிறேன். என்ன பண்றதுன்னு தெரியலம்மா."

மேடம் அம்மாவாகிவிட்டதை நாத்தனார் மட்டும் கவனித்தாள். "எங்க அண்ணி இந்த ஊர் தண்ணியை முப்பத்தி மூணு வருஷம் ருசி பார்த்தவங்க, தெரியுமா? நீங்க காலைல பல் தேய்க்கிற தண்ணி கூட எங்க அண்ணி சரின்னு சொன்ன தண்ணிதான்!"

இப்போது குழாய்த் தண்ணீர் வந்தது. தண்ணியக்காவுக்கு ஒரு வாய் போதும்.

"உங்க பின்பக்கம் பெரிய நீர்த்தொட்டி இருக்குல்ல? ஏழு மாசத்துக்கு முன்னாடி கடைசிப் பேட்டைகளுக்குப் புதுக் குழாய் நீட்டினாங்க. அவ்வளவு தூரம் போய்ச் சேரணும்னா கிளம்பற இடத்துல குளோரின் கொஞ்சம் கூட இருக்கணும். நீங்க தொட்டிக்கு அடியிலேயே இருக்கீங்க, அதனால உங்களுக்குத்தான் முதல் வாய். அந்த மாத்தத்தைப் பார்த்து 'குளோரின், லேசாக'ன்னு எழுதினதே நான்தான். தண்ணி மேல தப்பு இல்லைங்க, குடிக்க நல்ல தண்ணி. ஆனா அந்தக் குளோரினும் உங்க தானியமும் சேர்ந்தா இந்த வாசனை வரும். துளியூண்டு போதும்."

"நான் ஃபில்டர் போட்டிருக்கேனே?"

"எப்ப மாத்தினீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார்.

தண்ணியக்கா பையிலிருந்து காகித மடிப்பை எடுத்து, சைடர் அம்மாள் கொடுத்த மாத்திரைகளை நீட்டினார். பீர் காய்ச்சுவதற்கு முன் தண்ணீரில் எவ்வளவு போட வேண்டும் என்று டிக்கெட்டில் எழுதிக் கொடுத்தார். "புது ஃபில்டர் போடுங்க. அது வர்ற வரைக்கும் இதுவே குளோரினைப் போக்கிடும். போட்ட பிறகு தண்ணியை மோந்து பாருங்க. ஒண்ணுமே தெரியக் கூடாது."

ஏழு வாரம் கழித்து போன் வந்தது. லிஃப்ட்காரர் பேச ஆரம்பித்து, பாதியிலேயே மனைவியிடம் கொடுத்துவிட்டார். மனைவி, "அம்மா, நீங்க வந்துதான் முதல் கிளாஸ் எடுக்கணும்" என்றார்.

அந்தத் தடவை வீட்டுக்காரரும் கூட வந்தார். வாரியத்து வாசல் வரை ஆயிரம் தடவை மனைவியை ஸ்கூட்டரில் இறக்கி விட்டிருக்கிறார், உள்ளே என்ன செய்கிறார் என்று பார்த்ததில்லை. லிஃப்ட்காரர் முதல் தம்ளரை இரண்டு கையாலும் நீட்டினார். தண்ணியக்கா மோந்தார், வாயில் வைத்தார். நாத்தனார் பழக்கமாகக் காலித் தம்ளரை நீட்டினாள். அவர் அதைத் தள்ளிவிட்டு முழுங்கினார்.

"பிளாஸ்திரி இல்ல. வெயில்ல காஞ்ச வைக்கோல். எலுமிச்சைத் தோல். ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க."

லிஃப்ட்காரரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் திரும்பிப் போகும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம், "இவங்க என் வீட்டம்மா. இந்த ஊர் தண்ணியைப் பார்த்துக்கிட்டவங்க" என்றார். வழக்கமான 'தண்ணியில இருப்பா' ஜோக் வரும் என்று காத்திருந்த தண்ணியக்காவுக்கு என்னவோ போலிருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

லிஃப்ட்காரர் அந்தப் பீருக்குத் தண்ணியக்காவின் பெயரை வைக்க ஆசைப்பட்டார். அவர் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். "நான் மட்டுமா பார்த்தேன்? லேப்ல ஆறு பேர் இருக்காங்க" என்றார். ஆகவே கவுன்டருக்கு மேலே, தானியம், ஈஸ்ட் எல்லாம் எங்கிருந்து வருகிறது என்று எழுதியிருந்த பலகையில் முதல் வரியாக ஒன்று சேர்ந்தது: "இதில் பெரும்பங்கு நம் ஊர்த் தண்ணீர். அதைத் தினமும் ருசி பார்த்து அனுப்புகிறவர்களுக்கு நன்றி."

தண்ணியக்கா அதைப் போட்டோ எடுத்து லேபுக்கு அனுப்பினார். இப்போது மாதத்தில் இரண்டு வியாழக்கிழமை அவர் அங்கே போகிறார், பீர் காய்ச்சுவதற்கு முன் தண்ணீரை மோந்து பார்க்க. நாத்தனாரோடு அப்படிப் போயிருந்த ஒரு நாள், வேலை முடிந்து ஆறு பேரும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். அவரை நம்பாத பழைய மேலதிகாரியும் அதில் ஒருவர். பலகைக்குக் கீழே நின்று, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் கவுன்டருக்கு வந்து வரிசையாக நின்றார்கள்.

"என்ன தரட்டும்?" என்று லிஃப்ட்காரரின் மனைவி கேட்டார்.

"முதல்ல ஆளுக்கு ஒரு கிளாஸ் தண்ணி" என்றார் மேலதிகாரி.

ஆறு பேரும் மோந்து பார்த்தார்கள். தண்ணியக்கா நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஆள் தம்ளரைக் கீழே வைத்து, "ஒண்ணுமில்லக்கா" என்றான்.